ஊதாத விசில்

நீங்கள் இருவரும் பணியில் சேர்ந்த வாரமே எனக்கு மாறுதல் ஆணை வந்துவிட்டது. அலமாரிச் சாவி ஒன்று, பச்சை நாடா கட்டிய கோப்பு ஒன்று, விசில் ஒன்று. இவற்றை உங்கள் மேசையில் வைத்துவிட்டு நான் சிதம்பரத்துக்குப் போகிறேன். கோப்பின் மேல் ‘மாணவர் பாதுகாப்பு’ என்று எழுதியிருக்கும். தீயணைப்பானை எப்படிப் பிடிப்பது, எந்த எண்ணுக்குப் போன் செய்வது, முதலுதவிப் பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் ஒழுங்காக இருக்கிறது. அதையெல்லாம் நான் திரும்பச் சொல்லப் போவதில்லை.

இப்படி உட்கார்ந்து எழுதுவது ஓய்வு பெறுகிறவர்கள் செய்கிற காரியம். எனக்கு முப்பத்திரண்டு வயதுதான் ஆகிறது. ஆனாலும் இந்தக் கோப்பை எட்டு வருடம் சுமந்திருக்கிறேன். அதில் எழுத முடியாத சிலவற்றைச் சொல்லாமல் போனால், நான் செய்த தப்பையே நீங்களும் முதலிலிருந்து செய்வீர்கள்.

முதல் தப்பு சிரிப்புக்குரியது. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த வேலை எப்போதும் புதிதாக வருகிறவர் தலையில்தான் விழும். அந்த வருடம் விழுந்த தலை என்னுடையது. பி.எட். முடித்து வந்த சூடு. ‘ஆபத்து நேர்ந்தால் நீண்ட மணி’ என்று நானே எழுதி, அட்டையில் ஒட்டி, எட்டு வகுப்பிலும் மாட்டினேன். ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒத்திகை. மைதானத்தில் வகுப்புவாரியாகச் சுண்ணாம்புக் கோடு போட்டு, தீயணைக்க மணல் வாளி வைத்து, மணியை விடாமல் அடித்தேன்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நீண்ட மணி என்றால் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். அதிலும் இவர்கள் கடலூர்ப் பிள்ளைகள். வங்கக் கடலில் காற்றழுத்தம் என்று டி.வி.யில் சொன்னாலே புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு மணிக்குக் காத்திருக்கிறவர்கள். ‘ஹேய்ய்ய்’ என்று ஒரு சத்தம் கேட்டது. மாடிப் படி அதிர்ந்தது. இரண்டே நிமிடத்தில் பள்ளிக்கூடம் காலி. மைதானத்தில் நானும் மணல் வாளியும் மட்டும் நின்றிருந்தோம்.

கேட்டருகில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். “யாரு டீச்சர் செத்துட்டாங்க?” என்று கேட்டாள். முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி.

மதியம் வரை தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டி வந்தோம். ஒருவன் வீட்டில் பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தலைமை ஆசிரியர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “டீச்சர், தீ வந்தா பசங்கள கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போவீங்கன்னு பாத்தேன். நீங்க நேரா வூட்டுக்கே அனுப்பிட்டீங்க. பாதுகாப்புதான், இல்லன்னு சொல்லல.”

ஒரு மாதம் வரை ஆசிரியர் அறையில் எனக்கு ‘லாங் பெல்’ என்றுதான் பெயர்.

அதற்குப் பிறகுதான் இந்த விசில் வந்தது. மூன்று முறை ஊதினால் பையைத் தொடாமல், வரிசை கலையாமல் மைதானத்துக்கு வர வேண்டும். மாதம் ஒருமுறை பழக்கினேன். கடைசியில், ஊதி முடித்து நான்கு நிமிடத்துக்குள் ஒன்றாம் வகுப்பு உட்பட எல்லாரும் கோட்டில் நிற்பார்கள். பார்வையிட வந்த அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. என் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்தவர்களில்லை. நான் ஒரு பள்ளிக்கூடத்தையே விசிலில் நடத்துகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா, “டிராபிக் போலீசு மாரியா?” என்று கேட்டாள்.

இரண்டாவது தப்பு அந்த நான்கு நிமிடத்துக்குள்தான் ஒளிந்திருந்தது. அது எனக்குத் தெரியவில்லை.

நம் பள்ளி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை வெளியே நின்று பாருங்கள். வடக்கே கேட்டும் சாலையும், சாலைக்கு அப்பால் தள்ளி ஒன்றிரண்டு கம்பெனிகளும். தெற்கே மைதானம். மைதானச் சுவருக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் சவுக்கு, அதற்கப்பால் தொழிற்பேட்டை. இங்கே நாற்றம் என்பது தினமும் வருகிற விருந்தாளி. அழுகிய முட்டை ஒரு நாள், பெயின்ட் ஒரு நாள். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டே வாய்ப்பாடு சொல்வார்கள். அதனால் எந்த நாற்றத்துக்குப் பயப்பட வேண்டும் என்பது இங்கே யாருக்கும் சட்டென்று தெரியாது.

பயப்பட வேண்டிய நாற்றம் வந்த அன்று அதை எனக்குத் தெரியப்படுத்தியவர் சத்துணவுக் கூடத்துக் கனகா அக்கா. ஆடி மாதம், முதல் இடைவேளை முடிந்த நேரம். முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார்.

“டீச்சர், இன்னிக்கி முட்டைதான். வெங்காயமே உரிக்கல. கண்ணு ஏன் இப்பிடி எரியுது?”

அதற்குள் எனக்கும் தொண்டையில் ஊசி குத்தியது. பிளீச்சிங் பவுடர் டப்பாவைத் திறந்து முகத்தருகே வைத்தது போல ஒரு நெடி. ஆறாம் வகுப்பிலிருந்து வரிசையாக இருமல் கேட்டது. தலைமை ஆசிரியர் அறையிலிருந்து ஓடி வந்தார்.

“டீச்சர், விசில்! எல்லாரையும் கிரவுண்டுக்கு எறக்குங்க!”

விசிலை வாயில் வைத்துவிட்டேன். மூச்சையும் இழுத்துவிட்டேன்.

என் அம்மா அதே தொழிற்பேட்டையில், வேறொரு கம்பெனியில், ஒப்பந்தக் கூலியாகத் தரை துடைக்கிறவள். சில வருடம் முன்பு அவள் வேலை செய்த இடத்தில் ஒரு குழாயில் கசிவு ஏற்பட்டது. அன்று மாலை வீட்டுக்கு வந்து, சோறு பிசைந்துகொண்டே சர்வ சாதாரணமாகச் சொன்னாள்: “வெளிய ஓடுனவளுங்கதான் விழுந்தாளுங்க. நெடி எங்கேர்ந்து வருதுன்னு பாக்காம அதும் வாயிலயே போய் வுழுந்தா? நான் முந்தானைய நனைச்சி மூஞ்சில கட்டிக்கினு மாடிக்கு ஏறிட்டேன். அந்த நெடி தரையிலதான் ஊரும்.” அப்போது நான் போனைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டினேன். இப்போது விசில் வாயில் இருக்கும்போது ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் வந்தது.

நான் ஊதினால் நான்கு நிமிடத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தெற்கு மைதானத்தில் கோட்டில் நிற்பார்கள். கேட்க வேண்டியதில்லை, நிற்பார்கள். நான் அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தேன்.

விசிலை எடுத்துவிட்டுப் பக்கத்திலிருந்த ஏழாம் வகுப்புக்குள் போனேன். “காத்து இப்ப எந்தப் பக்கத்துலேர்ந்து வருது? யாருக்குத் தெரியும்?”

எனக்குத் தெரியாது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நான் அறிவியல் ஆசிரியை. காற்று ஏன் வீசுகிறது என்று அரை மணி நேரம் பாடம் நடத்துவேன். இப்போது எங்கிருந்து வீசுகிறது என்று தெரியாது.

கடற்கரைப் பிள்ளைகள் மூன்று பேர் கை தூக்கினார்கள். சந்தியா எழுந்து நின்றாள். அவளுடைய அப்பா படகுக்குப் போகிறவர்.

“சோழகம் டீச்சர். தெக்கேர்ந்து. காலையிலயே ஜாஸ்தியா இருந்துச்சி. அதான் எங்கப்பா இன்னிக்கிக் கடலுக்குப் போவல.”

“எப்ப மாறும்?”

“மத்தியானத்துல கொண்டல் வந்துரும் டீச்சர். கடல்லேர்ந்து.” பிறகு கொஞ்சம் யோசித்து, “வரலாம்” என்றாள்.

அந்த ‘வரலாம்’ என்பதை நம்பித்தான் நான் வெளியே வந்தேன்.

“சார், விசில் அடிக்க மாட்டேன். காத்து தெக்கேர்ந்து வருது. கிரவுண்டுக்குப் போனா நேரா நெடியில போய் நிக்கும் புள்ளைங்க. எல்லாரையும் மாடிக்கு, வடக்குப் பக்கத்து ரூமுக்கு ஏத்திடலாம். ஜன்னல சாத்திடலாம்.”

“கோப்புல என்ன இருக்கு? வெளிய கொண்டு வரணும்னுதான இருக்கு?”

“ஆமா சார். நான்தான் எழுதுனேன். தப்பா எழுதிட்டேன்.”

“ஏதாச்சும் ஆச்சின்னா மேல யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேன் சார்.”

அவர் என்னை ஒரு விநாடி பார்த்தார். ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருந்த மனிதர். பிறகு போனை எடுத்துக்கொண்டே மாடிப் படியில் ஏறினார். கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் சொல்லிக்கொண்டே தன் கையால் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு போனார்.

மணி இல்லை, விசில் இல்லை. வகுப்பு வகுப்பாகப் போய் மெதுவாகச் சொன்னேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சத்தம் கேட்டால் ஓடுகிற பிள்ளைகள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நடந்துதான் வருகிறார்கள். கனகா அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, மூடியிருந்த முட்டைப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே வந்தார். பெரிய பெண்கள் துப்பட்டாக்களைக் கழற்றிக் கொடுத்தார்கள். தண்ணீரில் நனைத்துக் கதவிடுக்கில் திணித்தோம். மின்விசிறியை நிறுத்தினோம். மூன்று அறையில் எல்லாப் பிள்ளைகளும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். தலையை எண்ணினேன். சரியாக இருந்தது. மறுபடியும் எண்ணினேன்.

மூச்சு விடலாம் என்று நினைத்தபோது கேட்டை உடைப்பது போல ஒரு சத்தம்.

பெற்றோர்கள். கம்பெனி வெடிக்கப் போகிறது என்று யாரோ வாட்ஸப்பில் போட்டிருக்கிறார்கள். பைக்கிலும் ஆட்டோவிலும், செருப்பில்லாமல் ஓடியும் வந்திருந்தார்கள். முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு இறங்கிப் போனேன். முன்னால் நின்றவர் சந்தியாவின் அப்பா.

“தொறங்க டீச்சர். எம் பொண்ணக் கூட்டினு போறேன்.”

“இப்ப வெளிய விட முடியாதுண்ணே. ரோடு முழுக்க நெடி. உள்ளதான் கொறைவு.”

“ஊரே ஓடுது, நீங்க புள்ளைங்கள உள்ள வெச்சிப் பூட்டுறீங்க. எதுனா ஆச்சின்னா நீங்களா வந்து புள்ளையக் குடுப்பீங்க?” அவர் கேட்டைப் பிடித்து உலுக்கினார். உலுக்கும்போதே இருமினார். பின்னால் நின்ற பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். யாரோ சுவர் ஏறினார்கள்.

ஆபத்து நேரத்தில் வெளியாட்களை உள்ளே விடக் கூடாது என்பது கோப்பில் ஐந்தாவது விதி. ஆனால் இவர்களை வெளியாட்கள் என்று எப்படிச் சொல்வது? ஐந்து நிமிடத்தில் சுவர் ஏறி உள்ளே வருவார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த நெடிக்குள்ளேயே ஓடுவார்கள். பூட்டைத் திறந்தேன்.

“புள்ளைய வெளிய விட மாட்டேன். நீங்க உள்ள வாங்க.”

“நான் என்னாத்துக்கு உள்ள வரணும்?”

“உங்க பொண்ணு பக்கத்துல வந்து உக்காருங்க. அவதான் சொன்னா, மத்தியானத்துல கொண்டல் வரும்னு. பொய்யா உண்மையான்னு நீங்களே சொல்லுங்க.”

அவர் கை கேட்டிலிருந்து இறங்கியது. சாலையைத் திரும்பிப் பார்த்தார். எதிரே டீக்கடைக் கம்பத்தில் ஒரு கட்சிக் கொடி. அது விறைப்பாக வடக்கே நீட்டிக்கொண்டிருந்தது.

“எம் பொண்ணா சொன்னா?” என்றார்.

“மாமா, டீச்சர் சொல்றாங்கல்ல, உள்ள போ. இருமிக்கினே நின்னா காத்து மாறிடுமா?” என்று பின்னாலிருந்து மீன் கூடைக்காரப் பெண் ஒருத்தி அவரைத் தள்ளினாள். அவர் உள்ளே வந்தார். அவர் வந்ததும் எல்லாரும் வந்தார்கள்.

பிள்ளைகளின் பெஞ்சில் மீசை வைத்த ஆண்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்த காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். “மச்சான், அஞ்சாவது தாண்டலன்னு சொல்வியே. இன்னிக்கி எட்டாவதுலயே உக்காந்துட்ட” என்று ஒருவர் சொல்ல, அழுதுகொண்டிருந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள். கனகா அக்கா பிள்ளைகளுக்கு ஓடு உரிக்காத முட்டையை ஆளுக்கொன்று கொடுத்தார். “எங்களுக்கு இல்லியா?” என்றார் ஒரு அப்பா. “உம் பேரு அட்டெண்டன்ஸ்ல இருக்கா?” என்றார் அக்கா.

சிரிப்பு அரை மணி நேரம்தான் தாங்கியது. பன்னிரண்டரை ஆனது. கொடி வடக்கேதான் நீட்டிக்கொண்டிருந்தது. ஈரத்துணியையும் மீறி நெடி உள்ளே கசிந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வாந்தி எடுத்தது. இன்னொன்றுக்கு மூச்சு இழுத்தது. தலைமை ஆசிரியர் அதை மடியில் வைத்துக்கொண்டு முதுகைத் தடவினார். என்னைப் பார்க்கவில்லை. அவர் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. தீயணைப்பு வண்டி தொழிற்பேட்டைக்குள் போய்விட்டது, கசிவை அடைக்கிறார்கள், இருக்கிற இடத்திலேயே இருங்கள் என்று போனில் தகவல் வந்தது. கொண்டல் வராவிட்டால்? என் சொல்லை நம்பி இருநூறு பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும் மூன்று அறையில் அடைந்து கிடந்தார்கள். அந்த நேரம் எனக்கு எப்படி இருந்தது என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்: சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் அன்றைய தேதியை எழுதினேன். ஏற்கெனவே எழுதியிருந்த தேதிக்குக் கீழேயே.

சந்தியாவின் அப்பா ஜன்னல் கண்ணாடி வழியாகக் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார். சந்தியா பக்கத்தில் நின்றாள்.

“சோந்து போச்சி பாருப்பா” என்றாள்.

கொடி கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு அதன் நுனி மெல்ல அசைந்தது. மேற்கே ஒருமுறை நீண்டது. தொங்கியது. மறுபடியும் நீண்டது. அப்புறம் இறங்கவேயில்லை.

“கொண்டல்” என்றார் அவர். மகளின் தலையில் ஒரு குட்டு வைத்தார். “எனக்கே வாத்தியாரு ஆயிட்டா.”

பெரியவர்கள்தான் முதலில் கை தட்டினார்கள்.

கசிவை அடைத்தாகிவிட்டது, வெளியே வரலாம் என்ற தகவல் வந்தபோது மணி இரண்டரை. அதற்குள் ஆம்புலன்ஸும் ஓர் அதிகாரியும் வந்துவிட்டார்கள். கண் எரிச்சலும் மூச்சிரைப்பும் இருந்த பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அன்று சாயங்காலமே எல்லாரும் வீடு திரும்பினார்கள். மைதானச் சுவரோரம் இருந்த வாழைகளின் இலைகள் பொசுங்கியது போல வெளுத்திருந்தன. நான் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்கும் வாழைக்கும் பத்தடி தூரம்.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். “வெளியேற்றணும்னு உங்க திட்டத்துலயே இருக்கு. ஏன் செய்யல? யார் முடிவு இது?”

நான் வாயைத் திறப்பதற்குள் தலைமை ஆசிரியர் சொன்னார்: “என் முடிவு சார். நான்தான் விசில் அடிக்க வேணாம்னு சொன்னேன்.”

அதிகாரி வெளுத்த வாழையைப் பார்த்தார். கோப்பை மூடினார். அவர் போனபிறகு, “ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டேன். “நல்ல பேரு வர்ற மாரி இருந்துச்சி. சும்மா விட மனசு வரல” என்றார். பிறகு, “டீச்சர், இப்ப அடிங்க உங்க லாங் பெல்ல” என்றார்.

அடித்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு மணியை அடித்ததில்லை. ‘ஹேய்ய்ய்’ என்ற சத்தத்தில் அப்பாக்களின் குரலும் இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், எந்தச் சுற்றறிக்கை வந்தாலும் நீண்ட மணியை மட்டும் ஆபத்துக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பிள்ளைகளுடைய மணி.

அந்த வாரமே கோப்பில் ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தேன். நெடி வந்தால் முதலில் கொடியைப் பார்க்க வேண்டும். எந்தக் காற்றுக்கு எந்த அறை. பெற்றோர் வந்தால் அவர்களை உள்ளே அழைத்து உட்கார வைக்க வேண்டும். அடியில் ‘தகவல் தந்தவர்கள்’ என்று கோடு போட்டு, ஏழாம் வகுப்புச் சந்தியாவின் பெயரையும் என் அம்மாவின் பெயரையும் எழுதினேன். எழுதும்போது வந்த பெருமையை மறைக்கப் போவதில்லை. பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு அவ்வளவு பெருமை வரவில்லை.

பக்கத்தைப் போனில் படம் எடுத்துப் போய் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “எம் பேரு எதுக்குடி கவர்மெண்டு பேப்பர்ல?” என்றாள். பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த இடத்தை விரலால் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுபடியும் முழுசாகப் படிக்கச் சொன்னாள்.

படித்து முடித்ததும், “எல்லாம் சரி. கார்த்திகையில வாடைக் காத்து வடக்கேர்ந்து அடிக்கும். அப்ப அந்தப் பக்கத்துக் கம்பெனியில ஆச்சின்னா, உன் வடக்கு ரூமு என்னா ஆவும்?” என்றாள்.

கோப்பில் நான் சேர்த்த இரண்டாம் பக்கம் அப்படி வந்ததுதான். மூன்றாம் பக்கத்தைக் கோடு மட்டும் போட்டுக் காலியாக விட்டிருக்கிறேன். நீங்கள் வகுப்புக்குப் போய், கேட்டு, எழுதுங்கள். யார் சொன்னார்களோ அவர்கள் பெயரை அடியில் போட மறக்காதீர்கள்.